செபம், எழுத்து, பாடகர் குழு: மூன்றையும் ஒரே வாரத்துக்குள் எப்படி அமைப்பது?

வெண்பாமாலை:

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

பங்கில் ஞாயிறு திருப்பலிக்குக் கீபோர்டு வாசிப்பதும் பாடல் தேர்வும் என் பொறுப்பு. சிறுகதையும் கவிதையும் எழுதுகிறேன். முழுநேர வேலை, வீட்டில் சிறு குழந்தைகள். நாளொன்றுக்கு எனக்கென்று கிடைப்பது அதிகாலையில் ஒரு மணி நேரமும் இரவில் முக்கால் மணி நேரமும்தான். செபம், எழுத்து, வாத்தியப் பயிற்சி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். எதை எங்கே வைப்பது?

கூடவே சில சந்தேகங்கள். திருப்பலியில் வாசிக்கும்போது அடுத்த பாட்டின் சுருதி என்ன, யார் எங்கே எடுப்பது என்றே மனம் ஓடுகிறது. அப்படியானால் நான் திருப்பலியில் பங்கேற்கிறேனா, வேலை பார்க்கிறேனா? நானே எழுதிய பாடலைத் திருப்பலியில் பாட என்ன முறை? என் கதைகளில் குடி, துரோகம், தற்கொலை எல்லாம் வருகின்றன. விசுவாசியாக இருந்துகொண்டு இவற்றை எதுவரை எழுதலாம்?

ஆறுதல் வார்த்தைகளைவிட நடைமுறை யோசனைகளே தேவை.

---

மாலைப்புகழ்:

முதலில் மூன்றையும் சமமாகப் பங்கு போடும் எண்ணத்தை விடுங்கள். செபத்துக்கு நாள் கணக்கு. எழுத்துக்கும் இசைக்கும் வாரக் கணக்கு. ஒரு நாள் எழுதாமல் போனால் மறுநாள் ஈடுகட்டலாம், செபத்தில் அந்த வழக்கம் வந்தால் பாக்கி சேர்ந்துகொண்டே போய் ஒரு நாள் மொத்தமாக நின்றுவிடும். அதனால் செபத்தின் அளவு சிறியதாக இருக்கட்டும், நேரம் மட்டும் மாறவே கூடாது.

பாட்டும் கவிதையும் கைவந்தவருக்குத் திருப்புகழ்மாலையைவிட (நாளின் வேளைகளுக்கேற்பத் திருப்பாடல்களைச் சொல்லும் திருச்சபையின் செபம்) பொருத்தமான செபம் எனக்குத் தெரிந்து இல்லை. நான்கு வாரச் சுழற்சியில் திருப்பாடல்கள் திரும்பத் திரும்ப வாய்க்கு வரும். குருக்களுக்கும் துறவியருக்கும் மட்டும் உரியது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, 100ஆம் எண்ணில், பொதுநிலையினரும் இதைச் சொல்ல ஊக்கமளிக்கிறது.

ஆனால் காலை, மாலை, இரவு மூன்றையும் ஒன்றாகத் தொடங்கினால் இரண்டு வாரம் தாங்காது. பெரும்பாலோர் விடுவது அலுப்பினால் அல்ல, பக்கம் புரட்டுவதால். இன்று பொதுக்காலமா, புனிதர் நினைவா, விழாவா, எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். இரவுச் செபத்தில் தொடங்குங்கள். அதன் சுழற்சி ஏழே நாள்தான். ஞாயிறுக்குரிய இரவுச் செபத்தையே எல்லா நாளும் சொல்லிக்கொள்ளவும் அனுமதி உண்டு. சிமியோனின் பாடலோடு (லூக்கா 2:29-32) சீக்கிரமே மனப்பாடமாகிவிடும். தொடக்கத்தில் ஆன்ம ஆய்வு (அன்றைய குறைகளை எண்ணிப் பார்ப்பது), மொத்தம் எட்டு நிமிடம். இது உறுதியான பிறகு காலைப் புகழைச் சேருங்கள். அதற்கு 15 நிமிடம் ஒதுக்குங்கள்.

அதிகாலையில் மீதமிருக்கும் முக்கால் மணி நேரம் எழுத்துக்கு. வாத்தியம் இரவில், ஹெட்போன் போட்டுக்கொண்டு. வாக்கியம் யோசிக்கத் தெளிந்த மூளை வேண்டும். விரல் பயிற்சி களைப்பிலும் நடக்கும். வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட நான்கு இரவு 25 நிமிடம் உட்காருவதுதான் விரலில் நிற்கும்.

அடுத்த ஞாயிறு வாசகங்களைத் திங்களன்றே வாசித்துவிடுங்கள், பதிலுரைப் பாடலையும் (முதல் வாசகத்துக்குப் பின் பாடும் திருப்பாடல்) சேர்த்து. பாடல் தேர்வு செவ்வாய்க்குள் முடிந்தால்தான் வியாழன் ஒத்திகைக்குப் பொருள் இருக்கும். சனிக்கிழமை புதுப்பாட்டு எதையும் எடுக்கக் கூடாது. வாரத்தில் ஓர் இரவு எழுத்தும் வேண்டாம், வாத்தியமும் வேண்டாம். அது வீட்டாருக்கு, குடும்பச் செபமாலைக்கு.

ஞாயிறன்று எழுதலாமா என்ற கேள்வியும் பின்னாலேயே வரும். திருச்சபைச் சட்டம் 1247, வழிபாட்டையும் ஆண்டவருடைய நாளின் மகிழ்ச்சியையும் உடல் உள ஓய்வையும் தடுக்கும் வேலைகளை விலக்கச் சொல்கிறது. மனமுவந்து எழுதும் கவிதை இவற்றைத் தடுக்காது. கெடு நெருங்கிவிட்டது என்று வீட்டாரிடம் சிடுசிடுத்துக்கொண்டு எழுதுவது தடுக்கும்.

இன்னொன்று: காலைப் புகழில் உள்ளத்தைத் தொடும் வரியை அப்போதே குறித்துக்கொண்டு, அன்றைய எழுத்தை அதிலிருந்து தொடங்கலாம். செபத்துக்கும் எழுத்துக்கும் இடையே சுவர் இல்லாமல் இருக்கும்.

---

ஸ்வரக்கட்டை:

இசை பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

வாசிப்பவருக்கு மனம் அலைவதற்குக் காரணம் பெரும்பாலும் முன்தயாரிப்பு போதாமைதான். திருப்பலி நேரத்தில் எடுக்கவேண்டிய முடிவுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரே தாளில் பாடல் வரிசை, ஒவ்வொன்றுக்கும் சுருதி, டிரான்ஸ்போஸ் எண் (கீபோர்டில் சுருதியை ஏற்றியிறக்கும் அளவு), தாள வேகம், எத்தனை சரணம், எங்கே நிறுத்துவது எல்லாம் எழுதியிருக்க வேண்டும். கீபோர்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒலியமைப்பை முன்னதாகவே நினைவகத்தில் சேமித்துவிடுங்கள். டிரான்ஸ்போஸை அடுத்த பாட்டுக்கு மாற்ற மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. அதைத் தாளில் சிவப்பில் எழுதுங்கள். குழுவுக்குக் கைச்சாடை ஒருவர் மட்டுமே தர வேண்டும். திருப்பலி தொடங்குவதற்கு 10 நிமிடம் முன்பே ஒலிச்சரிபார்ப்பை முடித்துவிட்டு அமைதியாக உட்காருங்கள்.

அடுத்து, எப்போது கையை எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். குரு தம் பணிக்குரிய மன்றாட்டுகளை, முக்கியமாக நற்கருணை மன்றாட்டைச் சொல்லும்போது வேறு செபமோ பாடலோ கூடாது, வாத்தியங்கள் மௌனமாக இருக்க வேண்டும் என்பது திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை, எண் 32. பின்னணியில் மெல்லிதாக ஒரு ஸ்ட்ரிங்ஸ் ஓடவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, அது தவறு. அந்த மௌனம் உங்களுக்கே கிடைக்கும் நேரமும்கூட. கையை மடியில் வைத்துக்கொண்டு மன்றாட்டை வார்த்தை வார்த்தையாகப் பின்தொடருங்கள். வாசகங்களின்போது பாடல் புத்தகத்தைப் புரட்டாதிருப்பதும் இதே ஒழுங்கைச் சேர்ந்தது.

நன்மை (நற்கருணை) வாங்குவதில் பாடகர்களுக்கும் சிரமம் இருக்கக் கூடாது என்று அதே நூல் 86ஆம் எண்ணில் சொல்கிறது. திருவிருந்துப் பாடலைக் குரு நன்மை உட்கொள்ளும்போதே தொடங்க வேண்டும். மக்கள் பாடத்தெரிந்த சிறு பல்லவியாக இருந்தால், குழு பாதிப் பாதியாக வரிசைக்குப் போய்வரலாம். வாத்தியமே இல்லாமல் பல்லவி ஒலிக்கும்போது நீங்களும் போய்வந்துவிடலாம். நன்மை வாங்குமுன் இருக்கவேண்டிய ஒரு மணி நேர நோன்பைத் தண்ணீரும் மருந்தும் முறிக்காது. தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று மிட்டாய் சப்புவது முறிக்கும், இதைக் குழுவிடம் சொல்லிவையுங்கள்.

பாடல் தேர்வில் உழைப்பு போகும் திசையே பல குழுக்களில் தலைகீழாக இருக்கிறது. 1967 மார்ச் 5 அன்று வெளியான திருவழிபாட்டு இசை பற்றிய போதனை பாடப்படும் பகுதிகளை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. முதல் படியில் குருவின் வாழ்த்துக்கு மக்கள் பாடும் பதில், நற்செய்தி வாழ்த்தொலிகள், தொடக்கவுரையின் உரையாடலும் ‘தூயவர்’ பாடலும், ஆண்டவர் கற்றுத்தந்த செபம் முதலியவை. இரண்டாவதில் ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’, ‘உன்னதங்களிலே’, ‘செம்மறியே’, விசுவாச அறிக்கை, மன்றாட்டுகள். வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல் எல்லாம் மூன்றாம் படி. முதல் படியை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் பாடக் கூடாது என்பதுதான் ஒழுங்கு. நாமோ ஒத்திகை நேரம் முழுவதையும் புது வருகைப் பாட்டுக்குச் செலவிட்டு, ‘தூயவர்’ பாடலை வெறுமனே சொல்லவைக்கிறோம். வியாழன் ஒத்திகையின் முதல் 20 நிமிடம் முதல் இரண்டு படிகளுக்குப் போகட்டும்.

பதிலுரைப் பாடலுக்குப் பதிலாக ஏதோ ஒரு பக்திப் பாடலைப் பாட முடியாது. அது இறைவார்த்தைப் பகுதி. வாரந்தோறும் புது மெட்டுக்கு நேரமில்லை என்றால், வாசக நூலிலேயே காலத்துக்குரிய பொதுத் திருப்பாடல்கள் இருக்கின்றன. தவக்காலத்துக்கு ஒன்று, பாஸ்கா காலத்துக்கு ஒன்று என்று அவற்றில் நான்கைந்து மெட்டு அமைத்துவிட்டால் ஆண்டு முழுவதும் சமாளிக்கலாம். உங்கள் இரவு நேரம் எத்தனையோ மிச்சமாகும்.

தவக்காலத்தில் வாத்தியம் பாட்டைத் தாங்குவதற்கு மட்டும். தனி வாசிப்பு கிடையாது. நான்காம் ஞாயிறும் பெருவிழா, விழா நாட்களும் விதிவிலக்கு. பெரிய வியாழன் ‘உன்னதங்களிலே’ முடிந்தது முதல் பாஸ்கா திருவிழிப்பின் ‘உன்னதங்களிலே’ வரைக்கும் இதே கட்டுப்பாடு.

மக்கள் பாடவில்லை என்றால் முதலில் சுருதியைப் பாருங்கள். ஆணும் பெண்ணும் குழந்தைகளும் சேர்ந்து பாட, நடு சி முதல் மேல் டி வரைதான் வசதி. மேல் எஃப் தொடும் பாட்டில் பாதிப் பேர் வாயை மூடிவிடுவார்கள்.

---

நெடுங்கணக்கு:

நேர அமைப்பில் மாலைப்புகழ் சொன்னது எல்லாம் சரி, கடைசிப் பத்தியைத் தவிர. செபத்தில் தொட்ட வரியை அப்போதே குறிக்காதீர்கள். எழுதுகிறவர்களுக்கு அது பெரிய கண்ணி. சில நாட்களிலேயே மனம் வரி வேட்டைக்குப் பழகிவிடும். திருப்பாடலை வாசிக்கும்போதே ‘இது கவிதைக்கு ஆகுமா’ என்று கை அரிக்கும். செபம் மூலப்பொருள் கிடங்காகிவிட்டால் கடவுளிடம் பேசுவது நின்றுவிடும், அது நின்றது வெகுநாள் தெரியவும் தெரியாது.

இரண்டு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். செபக் குறிப்பேட்டில் உள்ளது யாருக்கும் காட்டுவதற்கல்ல, அதிலிருந்து கதைக்கு எதையும் எடுப்பதுமில்லை. செபம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வேறொரு நாற்காலிக்கு மாறுங்கள். அதன் பிறகும் நினைவில் நிற்கும் வரி இருந்தால் அது உங்களுடையது, எழுதலாம்.

இனி எல்லை பற்றி. சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடும் 1963 டிசம்பர் 4 அன்றே வெளியானது. தீமையைச் சித்திரிப்பது மனிதனை ஆழமாக அறிய உதவலாம், ஆனால் அது அறநெறிக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் 7ஆம் எண். அதாவது பாவத்தை எழுதத் தடையில்லை. பார்க்கவேண்டியது, காட்சி எதற்காக இருக்கிறது என்பது. மூன்று சோதனை வைத்துப் பார்க்கலாம். காட்சியை எடுத்துவிட்டால் கதையில் என்ன குறைகிறது? பாவத்தின் விலையை யாராவது கொடுக்கிறார்களா, குறைந்தது ஒரு பாத்திரத்துக்காவது வலிக்கிறதா? அந்தக் காட்சியை எழுதியபின் உங்களால் இரவுச் செபத்தின் ஆன்ம ஆய்வுக்குப் போக முடிகிறதா? மூன்றாவதில் தடுக்கினால், காட்சியை நீக்குவதற்குமுன் விவரிப்பின் தூரத்தை மாற்றிப் பாருங்கள். நெருங்கி நின்று விவரித்ததைக் கதவுக்கு வெளியே நின்று சொல்லுங்கள். பெரும்பாலும் கதையும் வலுப்பெறும்.

கடைசிப் பத்தியில் பாத்திரத்தை மனந்திருப்பிக் கோவிலுக்கு அனுப்பிவைக்கும் ஆசையையும் அடக்குங்கள். அருள் வேலை செய்வதற்குக் கதைக்குள் முன்பே இடம் விட்டிருந்தால்தான் அந்த முடிவு நிற்கும்.

பாவத்தை எழுதுவதைவிட ஆபத்தானது, பங்கில் தெரிந்தவர்களை எழுதுவது. அடுத்தவரின் உண்மையான குற்றத்தைத் தக்க காரணமின்றி அறியாதவரிடம் வெளிப்படுத்துவது புறங்கூறல் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2477ஆம் எண்ணில் சொல்கிறது. பெயரை மட்டும் மாற்றிக் கதையாக்கினாலும் அடையாளம் தெரிந்தால் அதுவேதான். பெயரை விடுங்கள், தொழில், குடும்ப அமைப்பு, சம்பவத்தின் வரிசை மூன்றும் மாற வேண்டும். பாடகர் குழுவில் ஒருவர் நம்பிச் சொன்ன துயரம் கதைக்கு வரவே கூடாது.

கத்தோலிக்கப் பின்னணியில் எழுதும்போது தகவல் பிழைகள் கதையைக் கெடுக்கும். பெரிய வெள்ளியன்று திருப்பலி கிடையாது, திருப்பாடுகளின் வழிபாடுதான்; அதில் முந்தின நாள் திருப்பலியில் அர்ச்சித்துவைத்த நன்மை வழங்கப்படும். தவக்காலத்தில் அல்லேலூயா ஒலிக்காது. தொலைபேசியில் பாவமன்னிப்பு கிடையாது. பாவசங்கீர்த்தன இரகசியத்தை நேரடியாக உடைக்கும் குரு அக்கணமே திருச்சபைத் தொடர்பிலிருந்து விலக்கப்படுகிறார், அந்தத் தண்டனையை நீக்குவது திருத்தந்தையின் ஆட்சிப்பீடத்துக்கு மட்டும் உரியது. ‘சாமியார் போலீசிடம் சொல்லிவிட்டார்’ என்று போகிறபோக்கில் எழுதிவிட முடியாது. நீங்கள் குறிப்பிட்ட தற்கொலையில் காலமும் முக்கியம். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, தெரிந்தே உயிரை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் மறுப்புப் பட்டியலில் தற்கொலை இல்லை. கடும் மன நோயும் வேதனையும் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது மறைக்கல்வி. இன்று நடக்கும் கதையில் சவப்பெட்டி கோவில் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால் அது பிழை.

கதைக்கும் கவிதைத் தொகுப்புக்கும் ஆயரின் அனுமதி தேவையில்லை. செபப் புத்தகமாகத் தொகுத்தால் தேவை (சட்டம் 826).

---

மாலைப்புகழ்:

நெடுங்கணக்கு சொல்வது கதைக்குப் பொருந்தும். பாடல் எழுதுவதற்கு அந்தக் கட்டுப்பாடு வேண்டியதில்லை என்பது என் கருத்து. திருவழிபாட்டுப் பாடலின் சொற்கள் முதன்மையாக விவிலியத்திலிருந்தும் வழிபாட்டு ஊற்றுகளிலிருந்தும் எடுக்கப்படவேண்டும் என்று கொள்கைத் திரட்டே (எண் 121) கேட்கிறது. அங்கே செபமும் பாட்டும் ஒரே மண்ணில்தான் முளைக்க வேண்டும். செபம் முடித்து எழுந்தபின் எழுதுங்கள் என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

---

வெண்பாமாலை:

அனைவருக்கும் நன்றி. இரண்டு விஷயம் மட்டும் கேட்டுவிடுகிறேன். நான் எழுதிய காணிக்கைப் பாடலின் சரணம் இப்படிப் போகிறது:

*தந்தையே உம் சிலுவையிலே
தாங்கினீர் என் பாவமெல்லாம்
யாவே உம் பலியினிலே
யாவும் இன்று கலந்திடுமே*

இதில் திருத்தம் வேண்டுமா? இன்னொன்று, தவக்காலத்தில் எழுத்தையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். அது நல்ல தவமா?

---

ஸ்வரக்கட்டை:

சந்தம் நன்றாக ஓடுகிறது. மூன்று இடம் திருந்த வேண்டும்.

சிலுவையில் இறந்தவர் மகன். தந்தையை விளித்துவிட்டுச் சிலுவையை அவர்மேல் ஏற்றுவது மூவொரு இறைவன் பற்றிய போதனையில் பழைய பிழை. ஒரு சரணத்துக்குள் யாரை நோக்கிப் பேசுகிறோம் என்பது மாறாமல் இருக்கிறதா என்று எந்தப் பாட்டிலும் முதலில் இதைத்தான் பார்ப்பார்கள். ‘யாவே’ என்ற திருப்பெயரை வழிபாட்டுப் பாடல்களிலும் செபங்களிலும் பயன்படுத்த வேண்டாம் என்று வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் 2008 ஜூன் 29 அன்று ஆயர் பேரவைகளுக்கு எழுதியது. ‘ஆண்டவர்’ என்றே வர வேண்டும். மூன்றாவது மெட்டு சார்ந்தது. ‘பலி’ குறிலில் தொடங்குகிறது. அந்த இடத்தில் நீண்ட ஸ்வரம் வந்தால் காதில் ‘பாலி’ என்று விழும். நீளும் ஸ்வரத்தில் நெடில் எழுத்தை உட்கார வையுங்கள்.

*தந்தையே உம் திருமகனார்
தாங்கினார் என் பாவமெல்லாம்
ஆண்டவரே அவர் பலியில்
யாவும் இன்று கலந்திடுமே*

மூன்றாம் வரியில் ‘பலி’ இன்னும் இருக்கிறது, ஆனால் வரிக் கடைசிக்குப் போய்விட்டதால் குறுகிய ஸ்வரத்தில் முடித்துவிடலாம். மூச்சு எடுக்கும் இடத்தையும் குறியுங்கள். சொல்லின் நடுவே மூச்சு விழுந்தால் மக்கள் வரியையே தவறாகப் பாடிப் பழகுவார்கள்.

அனுமதிக்கு: மெட்டு இல்லாமல் சொற்களை மட்டும் தட்டச்சு செய்து, ஒவ்வொரு சரணத்தின் பக்கத்திலும் விவிலிய இடத்தை எழுதி, திருப்பலியின் எந்தப் பகுதிக்கு என்று குறித்துப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள். அவர் வழியாக மறைமாவட்டத் திருவழிபாட்டுக் குழுவுக்குப் போகட்டும். வருகை, காணிக்கை, திருவிருந்துப் பாடல்களுக்குத்தான் இந்த வழி. ‘உன்னதங்களிலே’, ‘தூயவர்’, ‘செம்மறியே’ ஆகியவற்றின் சொற்களை உங்கள் சொற்களால் மாற்ற முடியாது. மெட்டு மட்டும் அமைக்கலாம், அதற்கும் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் வரும்வரை செபக்கூட்டத்தில் பாடிப் பாருங்கள். மக்கள் தடுமாறும் இடங்கள் அங்கேயே தெரிந்துவிடும்.

---

நெடுங்கணக்கு:

தவக்காலத்துக்கு எழுத்தை விடுவது பற்றி: ஆன்ம வழிகாட்டியிடம் கேட்காமல் செய்யாதீர்கள். ஆங்கிலக் கவிஞர் ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ் 1868இல் இயேசு சபையில் சேருமுன் தம் கவிதைகளை எரித்தார், ஏழு ஆண்டு எழுதாமல் இருந்தார். 1875 டிசம்பரில் ஒரு கப்பல் விபத்தில் பிரான்சிஸ்கன் கன்னியர் ஐவர் மூழ்கி இறந்தபோது, அதைப் பற்றி யாராவது எழுதினால் நல்லது என்று அவருடைய தலைவர் சொன்ன பிறகுதான் மீண்டும் பேனா எடுத்தார். விட்டது சொந்த முடிவு; திரும்பியது தலைவரின் சொல்லால்.

எழுத்து உங்களுக்கு வீண் பெருமையாகி, செபத்தைத் தின்கிறது என்று வழிகாட்டி கண்டால் நிறுத்தச் சொல்வார். அப்படி இல்லையென்றால் விடவேண்டியது வேறு: வெளியிடுவது, பாராட்டைத் தேடி அலைபேசியைப் பார்ப்பது, இன்னொருவர் எழுத்தோடு ஒப்பிடுவது. திருநீற்றுப் புதன் முதல் பெரிய வியாழன் மாலை வரை எதையும் வெளியிடாமல் எழுதுங்கள். அந்த வாரங்களில் ஞாயிறு பதிலுரைப் பாடல்களை ஒவ்வொன்றாகக் கையால் படியெடுப்பதையும் அதிகாலை நேரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பத்து நிமிடத்தில் முடியும், திங்களன்று வாசகம் பார்க்கும் வேலையும் அதோடு நடந்துவிடும்.